உடன் உண்பவர் கையொப்பம்

லிஃப்ட்காரருக்கு நெஞ்சுக்குழியில் சாப்பாடு நிற்க ஆரம்பித்து ஐந்து வாரம் ஆகியிருந்தது.

முதலில் ரொட்டி நின்றது. பிறகு அவித்த முட்டை. அப்புறம் குழையக் குழைய வேகவைத்த சோறுகூட ஒரு கவளம் உள்ளே போய், அங்கேயே நின்று யோசித்து, மனமிருந்தால் இறங்கியது, இல்லாவிட்டால் வந்த வழியே திரும்பியது. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் புற்று வந்த வயிற்றை முழுசாக எடுத்துவிட்டு, உணவுக்குழாயைக் குடலோடு சேர்த்துத் தைத்து அனுப்பியிருந்தார்கள். தைத்த இடத்தில் அந்தப் பாவி மறுபடி முளைத்துவிட்டானோ என்பதுதான் அவர் பயம். குழாய் விட்டுப் பார்த்து உண்டு, இல்லை என்று சொல்லக்கூடிய டாக்டர் அதே ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், வாசலிலிருந்து இருபதடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார். கதவுகூடத் திறந்துதான் இருந்தது.

ஆனால் உள்ளே போகச் சீட்டு வேண்டும். சீட்டு கொடுப்பது நாலாவது மாடியில் இருக்கும் வாழ்க்கைமுறை மேம்பாட்டுப் பிரிவு. அவர்கள் கொடுக்கும் நூறு பக்க நோட்டில், நாளுக்கு ஒரு பக்கம் வீதம், தின்றது, நடந்தது, தூங்கியது எல்லாவற்றையும் எழுதி நூற்றுக்கு எழுபது புள்ளி வாங்கினால் சீட்டு. வாங்காவிட்டால் வாழ்க்கையைத் திருத்திக்கொண்டு மறுபடி வரலாம். தன் உடம்பை மதிக்காதவருக்காக டாக்டரின் நேரத்தை வீணாக்குவதில்லை என்பது பிரிவின் கொள்கை. அதைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள்.

நாலு மாடிக்கு லிஃப்ட் உண்டு. அதைப் பிரிவே நிறுத்தி வைத்திருந்தது. கதவில் 'படி ஏறுங்கள், ஆயுள் ஏறும்' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. நம்மவர் முப்பத்தோரு வருடம் லிஃப்ட் பழுதுபார்த்துச் சாப்பிட்டவர். கதவில் காதை வைத்தாலே உள்ளே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். வைத்துப் பார்த்தார். ஒரு கோளாறும் இல்லை. அந்தக் கட்டிடத்தில் முழு ஆரோக்கியத்தோடு இருந்தது அந்த லிஃப்ட் ஒன்றுதான், அதைப் பூட்டி வைத்திருந்தார்கள். வயிறு இல்லாதவர்களும் பாதி வயிறு உள்ளவர்களும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தார்கள்.

மேலே ஆலோசகர் இருந்தார். இருபத்தைந்து, இருபத்தாறு வயதுப் பெண், சிரித்த முகம். கெட்டவர் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

"புகையை விட்ட தேதி சொல்லுங்க சார்."

"நான் பிடிச்சதே இல்லீங்க."

"சரி சார். விட்ட தேதி?"

"பிடிக்காததை எப்படிங்க விடறது?"

ஆலோசகர் பேனாவைக் கீழே வைத்தார். "சார், நாங்க பழக்கத்துக்கு மார்க் போடறதில்ல. மாற்றத்துக்குத்தான் போடறோம். உங்ககிட்ட மாற்றமே இல்லையே. குடியும் இப்படித்தானா?"

"ஆமாங்க."

எல்லாப் பாடத்திலும் கோட்டை விட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்துவிட்டு, எடை மேடையில் ஏறச் சொன்னார். ஏறினார். ஆலோசகர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஆறு கிலோ குறைஞ்சிருக்கீங்க! சூப்பர் சார்!"

"சாப்பாடு இறங்க மாட்டேங்குதுங்க. அதுக்குத்தான் டாக்டரைப் பார்க்கணும்னு..."

"அதான் சார், அளவா சாப்பிடறது. இந்த மாசம் எங்க பிரிவுலயே நீங்கதான் முதல். பதினஞ்சு புள்ளி."

உப்பைக் குறைத்ததற்குப் பத்து, படியேறி வந்ததற்குப் பத்து. ஆக முப்பத்தைந்து. அப்புறம் ஆலோசகர் நோட்டைத் திறந்து ஒரு பத்தியைக் காட்டினார். தலைப்பில் 'உடன் உண்பவர் கையொப்பம்' என்றிருந்தது. அதன் கீழே, வயிறில்லாதவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும் ஆறு வேளைக்கு ஆறு கோடு.

"தனியா சாப்பிடறவங்களை விட, கூட ஆள் வச்சுச் சாப்பிடறவங்க ரொம்ப நாள் இருக்காங்கன்னு எங்க ஆய்வுல தெரிஞ்சிருக்கு. அறுபது நாள் விடாம கையெழுத்து வாங்கினா முப்பது புள்ளி. வீட்ல யார் சார் இருக்காங்க?"

"யாரும் இல்லீங்க."

ஆலோசகர் 'கெட்ட பழக்கங்கள்' என்ற கட்டத்தைத் தேடிப் பிடித்து 'தனிமை' என்று எழுதினார். "எத்தனை வருஷமா சார்?"

தங்கை கல்யாணமாகிப் போன வருடத்திலிருந்து லிஃப்ட்காரர் விரல்விட்டு எண்ணினார். "இருபத்தாறு."

"விடற எண்ணம் இருக்கா?"

இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் இதுவரை கேட்டதில்லை. அவர் தலையைத் தலையை ஆட்டினார். ஆலோசகர் 'முயற்சி செய்வார்' என்று குறித்துக்கொண்டார்.

அன்று மாலை தங்கை போனில் வந்தாள். தூரத்து ஊரில் இருப்பவள், வாரத்துக்கு ஒருமுறை கூப்பிடுவாள். "சாப்டியாண்ணே?" என்றாள். "சாப்ட்டேன்மா," என்றார். போனிலேயே அவளை உடன் உண்பவராக வைத்துக்கொள்ளலாமா என்று மறுநாள் ஆலோசகரிடம் கேட்டுப் பார்த்தார். கூடாதாம். வாய் மெல்லுவது நேரில் தெரிய வேண்டுமாம். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார். அடுத்த வீட்டுக்காரர் பாதிக் கதவைத் திறந்து, விஷயத்தை முழுசாகக் கேட்டுவிட்டு, "ஏதாவது கேஸ்ல மாட்டிவிட்டுடாதீங்க சார்," என்று மீதியையும் சாத்திக்கொண்டார். சாப்பாட்டு மேசையில் அவருக்கு ஒரு தட்டுதான் இருந்தது. இரண்டாவது தட்டு எங்கே போயிற்று என்று அன்றைக்குத் தேடினார். தேடிக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. வயிறு போனபோதுகூட அழாத மனிதர்.

மூன்றாவது மாடித் திருப்பத்தில்தான் அந்த ஆளைப் பார்த்தார். அறுபதைத் தாண்டியவர், கட்டை விரலில் நீலப் பெயிண்ட், படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். தொழில், போர்டு எழுதுவது. படியெல்லாம் எழுதியிருந்த வாசகங்களும் லிஃப்ட் கதவில் இருந்ததும் அவர் கைவேலைதான்.

"'புகை உயிருக்குப் பகை'ன்னு அந்தப் படியில எழுதினேனே, வாயில சிகரெட்டோடதான் தம்பி எழுதினேன். இல்லாட்டி கோடு நேரா வராது."

அவரை எல்லாரும் ஏழுதரம் என்றார்கள். ஏழுதரம் புகையை விட்டவர். ஒவ்வொரு தரத்துக்கும் பத்துப் புள்ளி வீதம் எழுபது வாங்கி, ஒரு சிரமமும் இல்லாமல் சீட்டு பெற்றவர். மாற்றத்துக்கு மார்க் என்றால் அவரை யார் அடித்துக்கொள்ள முடியும்?

"அப்ப டாக்டரைப் பார்த்தாச்சாண்ணே?"

"பார்த்தாச்சு. வயித்தை எடுத்தும் ஈரல் வரைக்கும் போயிருச்சாம். இனி வெட்டறதுக்கு ஒண்ணுமில்லன்னுட்டார்."

"அப்புறம் எதுக்கு தினம் மாடியேறி வர்றீங்க?"

ஏழுதரம் சுவரில் சாய்ந்துகொண்டார். "பொண்டாட்டி என் புகைக்குப் பயந்து மக வீட்டுக்குப் போயி ஒன்பது வருஷம் ஆச்சு. ரூம்ல உக்காந்தா சுவரைப் பார்த்துட்டு உக்காரணும். இங்கயும் சுவர்தான். ஆனா நான் எழுதின சுவரு."

அங்கேயே, அந்தத் திருப்பத்திலேயே, லிஃப்ட்காரர் டிபன் பாக்ஸைத் திறந்தார். ஏழுதரம் ஒரு வாழைப்பழத்தை எடுத்தார். இரண்டு வயிறில்லாதவர்கள் ஆளுக்கு நாலு வாய் சாப்பிட்டார்கள். லிஃப்ட்காரரின் மூன்றாவது வாய் நின்றுவிட்டது. அது இறங்கும்வரை ஏழுதரம் தன் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பிறகு பேனாவை வாங்கி, கல்யாணப் பத்திரிகைக்குப் போடுவதுபோல் ஒரு கையெழுத்துப் போட்டார். சுழி ஒன்று மேலே, சுழி ஒன்று கீழே, நடுவில் ஒரே இழுப்பு.

"கையெழுத்துன்னா இப்படி இருக்கணும்," என்றார்.

அன்றிலிருந்து காலையில் படித் திருப்பம், மாலையில் லிஃப்ட்காரர் வீடு. இரண்டாவது தட்டு பரணில் கிடைத்தது. கணக்குப்படி எல்லா வேளையும் சேர்ந்து சாப்பிட முடியாவிட்டாலும், விட்டுப்போன வேளைக்கு மாலையில் இன்னொரு வாய் சேர்த்துத் தின்று ஈடுகட்டினார்கள். அநியாயமாகப் புள்ளி வாங்கக் கூடாது என்பதில் லிஃப்ட்காரர் கறாராக இருந்தார். முப்பத்தோரு வருடத்தில் ஒரு லிஃப்ட்டைக்கூட அரைகுறையாக விட்டுவிட்டு வராத ஆள், வேறெப்படி இருப்பார்?

முப்பத்தைந்தும் முப்பதும் அறுபத்தைந்து. இன்னும் ஐந்து இடித்தது. "நீயும் ஒருதரம் விட்ரு தம்பி," என்றார் ஏழுதரம். "விடறதுக்கு முன்னாடி பிடிக்கணும், அவ்வளவுதான்." எதிர்க்கடை வாசலில் ஒன்றைப் பற்றவைத்துக் கொடுத்தார். லிஃப்ட்காரர் ஸ்குரூ டிரைவரைப் பிடிப்பதுபோல் அதைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். கண்ணில் நீர் முட்ட, குடல் வெளியே வந்துவிடும்போல் இருமினார். கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார். மறுநாள் தேதி போட்டு எழுதிக்கொண்டு போனதும் ஆலோசகர் எழுந்து நின்று கை கொடுத்தார்.

"கஷ்டமா இருந்துச்சா சார்?"

"ரொம்பங்க."

"விடும்போது அப்படித்தான் இருக்கும்." பத்துப் புள்ளி விழுந்தது.

இருபதாவது நாள் பிரிவின் ஆண்டு விழா. இயக்குநர் வந்தார். அவருக்காக லிஃப்ட்டைத் திறந்துவிட்டார்கள். அது முணுமுணுப்புகூட இல்லாமல் நாலாவது மாடிக்கு வழுக்கிக்கொண்டு போனதை லிஃப்ட்காரர் படியில் நின்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். இயக்குநர் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே! உயிர் பிழைப்பது ஒரு பழக்கம். நல்ல பழக்கம். சென்ற ஆண்டில், நம் நோட்டைத் தினமும் தவறாமல் எழுதி வந்தவர்களில் ஒருவர்கூட, நான் அழுத்திச் சொல்கிறேன், ஒருவர்கூட இறக்கவில்லை!"

கைதட்டல்.

"இறந்தவர்கள் எல்லாருடைய நோட்டையும் நானே புரட்டிப் பார்த்தேன். என்ன தெரிந்தது? அத்தனை பேரும் எழுதுவதை நிறுத்தியவர்கள். இறப்பதற்கு முதல் நாள்வரை ஒழுங்காக எழுதியவர்கள்கூட, அடுத்த நாள் எழுதவில்லை. இந்த அலட்சியத்துக்கு அவர்கள் கொடுத்த விலை என்ன என்பதை உங்கள் சிந்தனைக்கே விட்டுவிடுகிறேன். சிலர் கேட்கிறார்கள், நோய் எந்தக் கட்டத்தில் கண்டுபிடிக்கப்பட்டது என்பதல்லவா முக்கியம் என்று. அது டாக்டர்களின் வேலை, அதற்குள் நான் போக விரும்பவில்லை. இருக்கிறவர்களுக்கு மனவுறுதி இருக்கிறது. இல்லாதவர்களுக்கு இல்லை."

"இல்லாதவங்களுக்கு இல்லைதான். சரியாத்தான் சொல்றான்," என்றார் ஏழுதரம், காதோடு. அன்றைக்கு அவருக்கு முன்மாதிரி நோயாளி என்று மெடல் குத்தினார்கள். சட்டை தொளதொளவென்று இருந்ததால் மெடல் இடுப்புவரை இறங்கிவிட்டது.

முப்பதாவது நாள் ஏழுதரம் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துசேர்ந்ததே பெரும்பாடு. முதல் படியில் ஒரு காலை வைத்தார். இரண்டாவது கால் வரவில்லை.

"தம்பி, நீ போ. நான் இங்கயே இருக்கேன்."

"மூணாவது மாடியிலதானேண்ணே சாப்பிடுவோம்."

"இன்னிக்கு இங்க சாப்பிடுவோமே."

லிஃப்ட்காரருக்கு வந்ததே கோபம். வாழ்நாளில் மொத்தம் நாலைந்து தடவைதான் அவருக்குக் கோபம் வந்திருக்கும். அதில் இது ஒன்று. இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். அந்த ரக லிஃப்ட்டுக்கெல்லாம் ஒரே சாவிதான் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியம். கதவோரம் இருந்த துளையில் விட்டுத் திருப்பினார். உள்ளே விளக்கு எரிந்தது. ஏழுதரத்தை அணைத்துக் கூட்டிக்கொண்டு போய், அவரே எழுதிய 'படி ஏறுங்கள்' என்ற வாசகத்துக்குப் பின்னால் நிற்க வைத்தார்.

"எந்த மாடிங்க?" என்று கேட்டார், வேலையில் இருந்த காலத்து மரியாதையோடு.

"மொட்டை மாடி போகுமா?"

"போகும்."

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஏழுதரம் ஒரு சிகரெட்டை முழுசாகப் பிடித்தார். "இதோட எட்டுதரம்," என்று காலால் மிதித்து அணைத்தார். கீழே ஊர் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் மேலே பார்க்கவில்லை.

லிஃப்ட் இறங்கும்போது நாலாவது மாடியில் கதவு திறந்தது. ஆலோசகர் நின்றிருந்தார். உடம்பு முடியாதவருக்காகத்தான் என்று விளக்கியதை மறுக்காமல் கேட்டுக்கொண்டார். விளக்கத்துக்குக் கட்டம் இல்லாததால், ஆளுக்குப் பத்துப் புள்ளி கழித்தார்.

அன்றே ஏழுதரத்தைக் கீழே வார்டில் சேர்த்தார்கள். லிஃப்ட்காரர் தினமும் டிபன் பாக்ஸோடு போனார். ஏழுதரத்தால் ஒரு கரண்டி தண்ணீருக்கு மேல் முடியவில்லை. "நோட்டை வச்சுட்டுப் போ தம்பி. காலையில வாங்கிக்க," என்றார். ஏன் என்று இவர் கேட்கவில்லை. மறுநாள் கேட்டபோது, "இன்னும் முடியல," என்றார். நாலு நாள் அப்படியே சொன்னார். ஏழாம் நாள் காலையில் கட்டில் காலியாக இருந்தது. உறை மாற்றிவிட்டிருந்தார்கள். நர்ஸ் மெடலையும் நோட்டையும் எடுத்துக் கொடுத்து, "நீங்க அவருக்கு யாரு?" என்று கேட்டாள்.

லிஃப்ட்காரர் யோசித்தார். "கூட சாப்பிடறவன்," என்றார்.

வீட்டுக்கு வந்து நோட்டைப் பிரித்தார். முப்பத்தெட்டாம் பக்கத்தில் ஆறு கையெழுத்து இருந்தது. முப்பத்தொன்பதிலும் ஆறு. புரட்டினார், புரட்டிக்கொண்டே இருந்தார். நூறாம் பக்கம்வரை, வேளைக்கு ஒன்றாக, முந்நூற்று எழுபத்தெட்டு கையெழுத்து. முதல் பக்கங்களில் சுழி சுழியாகவே இருந்தது. போகப் போகக் கை நடுங்கியிருந்தது. கடைசிப் பக்கங்களில் இழுப்பு மட்டும்தான், ஆனால் ஒன்றுகூடக் கோட்டை விட்டு இறங்கவில்லை. நோட்டை மூடினார். பிறகு எழுந்து இரண்டு தட்டு வைத்தார்.

அறுபதாம் நாள் மாடியேறினார். இப்போது தண்ணீரும் பாலும்தான் இறங்கின. நாலு மாடிக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஆலோசகர் நோட்டைப் பக்கம் பக்கமாகச் சரிபார்த்தார்.

"ஒரு நாள்கூட விடலையே சார்! முப்பது புள்ளி." கூட்டினார். "அறுபத்தஞ்சு வருது. அந்த லிஃப்ட் விஷயம் இடிக்குது." உதட்டைக் கடித்துக்கொண்டார், அவருக்கும் நிஜமாகவே வருத்தம்தான். பிறகு விதிப் புத்தகத்தைப் புரட்டி, ஒரு வரியில் விரலை வைத்தார். "உடன் உண்பவர் ஒரு மாசம் புகை தொடாம இருந்தா, உங்களுக்கு அஞ்சு. அவர் கடைசியா பிடிச்சு எத்தனை நாள் ஆச்சு?"

லிஃப்ட்காரர் கணக்குப் பார்த்தார். "முப்பது."

"நடுவுல ஒண்ணுகூட?"

"ஒண்ணுகூட இல்லீங்க."

"குடி?"

"இல்ல."

"அருமை! எவ்வளவு மாறிட்டார் பாருங்க. ஆனா அவரோட நோட்டு மட்டும் நாலு வாரமா வரல. எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருக்கோம்." பதிவேட்டில் 'உயிருடன் இருப்போர்' வரிசையில் ஏழுதரத்தின் எண் பளிச்சென்று இருந்தது. வார்டு வேறு துறை. அந்தத் துறையின் தகவல் இந்தத் துறைக்கு ஏற வேண்டுமானால், சம்பந்தப்பட்டவரே நேரில் வந்து நோட்டை ஒப்படைக்க வேண்டும். "எப்படி இருக்கார் அவர்?"

அவர் செத்து இருபத்து மூன்று நாளாகிறது. இந்த இருபத்து மூன்று நாளில் அவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்ட முதல் ஆள் இந்தப் பெண்தான். உள்ளதைச் சொல்லி, மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதுவிடலாம்போல் இருந்தது. வாய்வரை வந்துவிட்டது. ஆனால் சொன்னால் ஐந்து போகும், முப்பதும் போகும், சீட்டு போகும். வார்டில் கிடந்து ராப்பகலாக ஒரு மனிதன் போட்ட முந்நூற்று எழுபத்தெட்டு கையெழுத்தும் போகும்.

"நல்லா இருக்கார்," என்றார்.

"என் வாழ்த்தைச் சொல்லுங்க சார்." சீட்டில் முத்திரை விழுந்தது.

டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. "புற்று இல்ல. தையல் போட்ட இடம் தழும்பேறிச் சுருங்கியிருக்கு. சின்ன பலூன் விட்டு விரிச்சுவிட்டா போதும்," என்றார். சதைத் துண்டு ஒன்று எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்; அதிலும் ஒன்றுமில்லை என்றே வந்தது. விரித்த பிறகு கோப்பைப் பார்த்துத் திடுக்கிட்டார். "பதினொரு கிலோ இறங்கியிருக்கீங்க! இத்தனை மாசம் என்ன பண்ணீங்க? கதவு திறந்துதானே இருக்கு?"

லிஃப்ட்காரர் விரலால் மேலே காட்டினார். தொண்டையில் புண் இருந்தது.

சோறு இறங்கியது. முதல் கவளம் நெஞ்சுக்குழியைத் தாண்டிய காலையில், சொல்வதற்கு ஆள் தேடி எதிர்த் தட்டைப் பார்த்தார். உடம்பு மெல்ல மெல்லத் தேறியது. எடை ஏறியதற்காக ஆலோசகர் பன்னிரண்டு புள்ளி கழித்து, நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தவர் இப்படிச் சறுக்கலாமா என்று கனிவாகக் கண்டித்தார். அவர் கேட்டுக்கொண்டார். சீட்டு இனி தேவையில்லை; ஆனாலும் தினமும் படியேறி வந்தார். உலகத்திலேயே அந்த ஒரு அலுவலகத்தில்தான் ஏழுதரம் இன்னும் உயிரோடு இருந்தார். அங்கே மட்டும்தான் வாரம் ஒருமுறை, "உங்க கூட்டாளி எப்படி சார் இருக்கார்?" என்று ஒரு ஆள் கேட்டது.

எண்பத்தாறாம் நாள், மூன்றாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தபோது, புது ஆள் ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தார். கையில் புது நோட்டு, அட்டைகூட மடங்கவில்லை. இரண்டு படி தள்ளி உட்கார்ந்து, கூச்சத்தோடு தன் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தார்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. எனக்கு இந்தக் கையெழுத்துப் போட யாரும் இல்ல. நாம ஒருத்தருக்கொருத்தர் போட்டுக்கலாமா? உங்களுக்கு யாராவது இருக்காங்களா?"

லிஃப்ட்காரர் நகர்ந்து அவருக்குச் சுவரோரம் இடம் விட்டார். நோட்டை மடியில் வைத்து, கடைசியிலிருந்து மீதிப் பக்கங்களை ஒவ்வொன்றாக எண்ணினார்.

"இருக்கார்," என்றார். "இன்னும் பதினாலு நாளைக்கு இருக்கார்."